அக்கா, துப்பட்டா!

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. சென்னைக்கு வெளியே, பாரிவாக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். வண்டி வருகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இதற்குச் செயின் தளர்ந்து, பல்சக்கரம் தேய்ந்துபோயிருந்தது. ஊர் சுற்றுகிறவர்கள் வாங்கும் பெரிய பைக். பன்னிரண்டு வருஷப் பழசு.

ஓட்டிவந்தவர் பெயர் பிரசன்னா. தேனிக்காரர், ஐ.டி. வேலை, நூம்பலில் புது ஃப்ளாட். வண்டியைப் போன மாதம்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கினாராம்.

"செயினையும் பல்சக்கரத்தையும் மாத்திக் குடுங்கண்ணே. நாளைக்குக் காலைல நானும் வர்ஷாவும் ஏலகிரி கிளம்புறோம். கல்யாணமாகி முதல் ட்ரிப்."

"இந்தக் கிழவிய நம்பியா மலை ஏறப் போற?" என்று வண்டியைக் காட்டிச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே இடது பக்கம் குனிந்தேன்.

சாரி கார்டு இல்லை. புடவையோ துப்பட்டாவோ பின்சக்கரத்துக்குள் போய்விடாமல் தடுக்கிற கம்பிக் கூண்டு அது. அது இருக்க வேண்டிய இடத்தில், சாமான் பெட்டி மாட்ட ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் செய்திருந்தார்கள். செய்தது நான். என் கைவேலை எனக்குத் தெரியாதா?

நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி அசோக் என்பவரிடம் இருந்தது. பெட்டி மாட்ட வந்தார். "சாரி கார்டு இருந்தா பொட்டி உக்காராது சார், எடுத்துர்லாமா?" என்று கேட்டதே நான்தான். கிரைண்டரில் அறுத்து எடுத்தேன். பத்தாவது நாள் விடியற்காலை, வேலப்பன்சாவடி தாண்டி, அவர் மனைவி ரேகாவின் பச்சைத் துப்பட்டா சக்கரத்தில் மாட்டியது. மறுமுனை கழுத்தில் இருந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லையாம். "ஒருத்தராவது பார்த்துக் கத்தியிருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் அசோக் தலையில் அடித்துக்கொண்டாராம்.

என்னை யாரும் விசாரிக்கவில்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை. சாவுக்குக்கூடப் போகவில்லை.

பிரசன்னாவிடமும் அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனதும் செயின் கவரைக் கழற்றினேன். கருகிய துணி நாற்றம் குப்பென்று அடித்தது. பல்சக்கரத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது. நான்கு வருஷ நூல் என்றால் எண்ணெயில் ஊறிக் கறுத்திருக்க வேண்டும். இது கடையில் இப்போதுதான் கிழித்த துணிபோலப் பளிச்சென்று இருந்தது.

அறுத்து எறிந்தேன். புதுப் பல்சக்கரம், புதுச் செயின் மாட்டினேன். யாரும் கேட்காமலே சாமான் அறையில் கிடந்த ஒரு சாரி கார்டை எடுத்து, இரும்புப் பட்டையை அறுத்துவிட்டு, அதைப் பொருத்தினேன். மனசு கொஞ்சம் லேசானது. பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன்.

சுற்றியது. ஓய்ந்தது. நின்றது.

பிறகு பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

மெதுவாக. கொஞ்சம் சுற்றும், நிற்கும். மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு முறையும் கார்டு கம்பியில் 'டிக்' என்று ஒரு சத்தம். சக்கரத்தில் சிக்கிய துணியை நாம் இப்படித்தான் உருவுவோம். பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி, விட்டு விட்டு இழுப்போம்.



பட்டப்பகலில் என்ன பயம் என்று என்னையே திட்டிக்கொண்டு, ஓட்டிப் பார்க்க எடுத்தேன். பூந்தமல்லி பக்கம் ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். ஸ்கூட்டரில் ஒரு ஆள் ஆரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"யோவ் நைனா! பின்னாடி பொண்ணு குந்திகினு கீது, துப்பட்டா வீலாண்ட போவுது பாரு! யக்கா, துப்பட்டா! துப்பட்டாவ எடு!"

பிரேக்கை அழுத்தினேன். அவர் பறந்துவிட்டார்.

பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்ததுபோல வண்டி பின்பக்கம் அழுந்தியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க மெல்ல எழும்பியது.

குனிந்து பார்த்தேன். புதுப் பல்சக்கரத்தில், புதுக் கார்டையும் தாண்டி, பச்சை நூல்.

தள்ளிக்கொண்டேதான் கடைக்கு வந்தேன். பிரசன்னாவோடு வர்ஷாவும் நின்றிருந்தாள். கடைவீதியில் குல்லாய் வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். தோளில் மஞ்சள் துப்பட்டா காற்றில் ஆடியது. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கார்டை அறுத்தது, ரேகா, ஸ்கூட்டர்க்காரர், எல்லாம்.

"வண்டி பழசுன்னா பழசுன்னு சொல்லுங்கண்ணே. எதுக்கு இந்தப் பேய்க்கதை?" பிரசன்னாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கதை இல்ல நைனா. உன் கால்ல வுழறேன். இந்தப் பொண்ண மட்டும் இதுல ஏத்தாத."

வர்ஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஆட்டோல வரேன். நீ ஓட்டிட்டு வா" என்றாள். பிரசன்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் ஆட்டோவில் ஏறும்வரை நான் உள்ளே போகவில்லை. அவள் பிழைத்தாள் என்று நினைத்தேன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

முக்கால் மணி நேரத்தில் போன் வந்தது. பிரசன்னா. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அண்ணே... வழி பூரா கத்துனாங்கண்ணே. பஸ்ல இருந்து, கார்ல இருந்து. 'அக்கா, துப்பட்டா'ன்னு. யாரும் இல்லைன்னு சொன்னா என்னையே திட்டுறாங்க."

"ஊட்டுக்குப் போய்ட்டியா? வர்ஷா எங்க?"

"அபார்ட்மென்ட் கீழ நிக்கிறேன். வாட்ச்மேன் சொல்றாரு, 'மேடம் வண்டிய விட்டு எறங்கி மேல போய்ட்டாங்க சார், கழுத்தப் புடிச்சிகினே போனாங்க'ன்னு."

"வர்ஷாவா?"

"வர்ஷாவோட ஆட்டோ இப்பத்தாண்ணே கேட்டுக்குள்ள வருது."

பாரிவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வேன்?

"அண்ணே, செயின்ல இருந்து ஒரு பச்சை நூல் போகுது. படிக்கட்டுல... எங்க மாடி வரைக்கும் போகுதுபோல. அறுக்கவாண்ணே? அறுக்கலாமா?"

"தொடாத. வர்ஷாவ மேல அனுப்பாத" என்றேன்.

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஆட்டோ சத்தத்துக்கு நடுவே வர்ஷா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

அதைவிடப் பக்கத்தில், போனுக்கு வெகு அருகில், நான் பொருத்திய கம்பியில் 'டிக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்'. மேலே இருந்து யாரோ அந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.