ஒரு தூசி அதிகம்

அண்ணன் வைத்தது ஒரே ஒரு தூசி. திரையில் தெரிந்ததோ இரண்டு.

ஸ்டுடியோவில் கேமரா துடைக்கும் அந்தக் குட்டி அறையில் மின்விசிறி சுற்றக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் நாலு தெரு தாண்டி ஓடிப்போய்த் தும்ம வேண்டும் என்று இருபது வருடம் முன்பு சட்டம் போட்டவனே அவன்தான். தூசி அடங்கத் தரையில் தெளித்த தண்ணீரின் வாசனை, துடைக்கும் திரவத்தின் காரநெடி, தூசி ஊதும் காற்றுப் பந்தை அமுக்கினால் புஸ்ஸென்று வரும் மூச்சு. அதுதான் அவன் உலகம். படம் எடுக்கும் தம்பிக்குப் பாராட்டு லாரி லாரியாக வந்து இறங்கும். கேமராவின் வயிற்றைத் துடைக்கும் அண்ணனுக்கு ஒரு சைக்கிள் லோடுகூடக் கிடையாது.

நாளை தம்பி ஒரு பெரிய கம்பெனி முதலாளியைப் படம் எடுக்கிறான். நன்றாக வந்தால் ஸ்டுடியோ அவனுக்கே என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் கேமராவுக்குள் படம் பதியும் கண்ணாடிச் சில்லான சென்சாரின் நட்ட நடுவில் அந்தத் தூசி. முதலாளியின் மூக்குமேல் சரியாக உட்காரும்.

"அண்ணா, கேமராவைத் துடைக்கிறியா, தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறியா?" கதவுக்கு வெளியே தம்பி.

"உன் மூஞ்சிக்கு இந்தக் கேமராவே ஜாஸ்தி. இருடா."

சோதித்துப் பார்க்க வெள்ளைத் தாளை மறுபடி படம் எடுத்தான். நான்கு கரும்புள்ளி. துடைத்தான். பதினொன்று. திரையில் பெரிதாக்கினான்.

தூசி இல்லை. தோல். ரேகை ஓடும் தோல்.

விரலைப் பார்த்தான். ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. வலியும் இல்லை. அங்கிருந்து சாம்பலாக ஏதோ உதிர்ந்து, காற்றே இல்லாத அறையில், எறும்பு வரிசை போல மிதந்து, கேமராவின் திறந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

மூடியை எடுக்கப் போனான். எடுக்க விரல் இல்லை.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தான். வாயும் உதிர்ந்தது.

பிறகு எங்கும் வழவழப்பு. முடிவில்லாத கண்ணாடித் தரை. கதவு திறக்கும் சத்தம் இடியாக உருண்டது. மேலே, உருப்பெருக்கிக்குப் பின்னால், குளம் அளவுக்குத் தம்பியின் கண்.

"எங்க போய்த் தொலைஞ்சே அண்ணா? அட, உன் கையிலயே ஒரு தூசி தப்பிச்சிருக்கு பாரேன்."

கண் விலகியது. வெளிச்சத்தை மறைத்தபடி, ஈரமாக, அகலமாக, மெதுவாக, துடைப்பான் இறங்கியது.