பதினொரு தோல்வி... ஒரு மொட்டை!

செல்போன் அலறியது.

திங்கட்கிழமை. காலை ஏழு நாற்பது. நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ் புத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. மணிவேல் நின்றபடியே போனைக் காதில் வைத்தான்.

"மணிவேலா?"

"ஆமா... யாரு?"

"போலீஸ் சி.ஐ. வெங்கடம்மா. ரேணிகுண்டா ரோட்டுல, உங்க ஆபீஸ் பின்சந்துல நிக்கறேன். ஹரிதாங்கற பொண்ணு உன்கூட வேலை செய்யறவளா?"

"ஆமா மேடம். என்னா ஆச்சு?"

"மொட்டை மாடியிலேர்ந்து விழுந்து கெடக்கறா. நேத்தே உயிர் போயிருக்கு. பெருக்க வந்த அம்மா இப்பதான் பார்த்திருக்கு!"

கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியது. பக்கத்தில் கூடையோடு நின்ற பெண்மணி கத்தினாள்.

"யோவ் மொட்டை! என் கால் மேல நின்னுகினு என்னாய்யா கனவு காண்றே?"

மணிவேல் நகரவில்லை. அவன் மொட்டைத் தலையில் வியர்வை முளைத்தது.

'நான்தான் அவளைக் கொன்னேன்...!'

அவன் அவளைத் தொடக்கூட இல்லை. ஆனால் ஒரு வாயை மூடியிருந்தால் அவள் இன்று உயிரோடு இருந்திருப்பாள். அந்த வாய் அவனுடையது.

எல்லாம் அவன் பார்த்த வேலையில் தொடங்கியது.

அமெரிக்காவில் அயர்ன்வில் பைசன்ஸ் என்று ஒரு டீம். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மாடு முட்டுவதுபோல் முட்டுகிற ஃபுட்பால். அடுத்து மோதப்போகும் டீம் எந்தப் பக்கமாக ஓடும், இடதா வலதா என்று பழைய வீடியோவைப் பார்த்துக் குறித்து அனுப்புவது திருப்பதியில் உட்கார்ந்திருந்த பதினாறு பேர். அதில் முன்பக்கக் கேமராவின் வீடியோ மட்டும் மணிவேலின் பொறுப்பு.

இந்த சீசனில் பைசன்ஸ் பதினொரு மேட்ச் ஆடியது.

பதினொன்றிலும் தோற்றது!

ஏன் என்று சனிக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் செக்கிங் வேலைக்கு வந்த ஹரிதா, புத்தலப்பட்டுப் பெண், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மணி அண்ணா... இவன் எந்தப் பக்கம் ஓடறான்?"

"லெஃப்ட்டு. கண்ணு தெரியலியா உனக்கு?"

"அண்ணா, அவன் நம்ம மூஞ்சியைப் பார்த்து ஓடி வர்றான். அவனோட லெஃப்ட்டு நமக்கு ரைட்டு!"

மணிவேல் சிரித்தான். பாதிச் சிரிப்பிலேயே வாய் உறைந்தது.

பத்து வயதிலிருந்து அப்பாவோடு விசைத்தறி முன்னால் நின்றவன் அவன். தறிக்கு ஏது சொந்த இடது வலது? முன்னால் நிற்கிறவன் கைதான் தறிக்கும் பக்கம். அந்தக் கணக்கிலேயே அமெரிக்காக்காரனையும் குறித்துவிட்டான். பதினொரு வாரம்! எதிரி இடதில் வருவான் என்று பைசன்ஸ் அங்கே ஆளை நிறுத்த, எதிரி வலதில் புகுந்து போயிருக்கிறான்.

"அய்யோ... வேலை பூட்ச்சு ஹரிதா! நைனாக்கு இப்பதான் தறிய நிறுத்திட்டு வூட்ல உக்காருன்னு சொல்லிக்கினு வந்தேன்..."

"அழாதீங்கண்ணா. நாளைக்கு லீவுதான். நான் வந்து எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லாதீங்க என்றாள்.

அவன் சொன்னான்! சாயங்காலமே மேனேஜர் சுரேஷ்பாபுவின் அறைக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். ஹரிதா நாளைக்கு வருவாள் என்பது உட்பட...

ஆபீஸ் வாசலில் போலீஸ் ஜீப். உள்ளே நாற்காலியில் சி.ஐ. வெங்கடம்மா. ஐம்பது வயது. எதிரே சுரேஷ்பாபு கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தான்.

வெங்கடம்மா மணிவேலை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை எடுத்த குரூப் போட்டோவுல காடு மாதிரி முடி. இன்னிக்கு மொட்டை. அடையாளம் தெரியக் கூடாதுன்னா தம்பி?"

"இல்ல மேடம்... வேண்டுதல்."

"எதுக்கு?"

மணிவேல் தலையைக் குனிந்தான். "பைசன்ஸ் ஜெயிக்கணும்னு."

அறையில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். வெங்கடம்மா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அமெரிக்கா டீமுக்கு ஏழுமலையானா?"

"தப்பு பண்ணது நானு மேடம். பதினொரு மேட்ச்... அங்க போயி கால்ல விழ முடியுமா? இங்க இருக்கிற சாமி கால்லதான் விழ முடியும்."

சுரேஷ்பாபு எழுந்தான். "மேடம், சூடண்டி, பாருங்க! நடிக்கிறான். நேத்து காலையில நான் சித்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். நூறு பேர் சாட்சி. ஹரிதா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் உயிரோட வேலை செஞ்சிருக்கா. இதோ, அவ ஐடியில லாக்!"

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினான். ஞாயிறு, பன்னிரண்டரை முதல் இரண்டு வரை. ஹரிதாவின் பெயரில் நாற்பத்தியொரு பதிவுகள்.

மணிவேல் குனிந்து பார்த்தான்.

"மேடம்... இது ஹரிதா போட்டது இல்ல!"

"எப்படிச் சொல்றே?"

"இதெல்லாம் நான் பார்த்த வீடியோதான் மேடம். எல்லாம் தலைகீழா கீது. லெஃப்ட்டு ரைட்டு மாறிக் கீது. தப்பைக் கண்டுபுடிச்சவளே அதே தப்பைப் பண்ணுவாளா?"

சுரேஷ்பாபு பாய்ந்தான். "அதான் மேடம்! இந்த ஆபீஸ்ல இப்படித் தப்பாப் போடறவன் இவன் ஒருத்தன்தான்! அவளைத் தள்ளிட்டு, அவ ஐடியில இவனே உக்காந்து போட்டிருக்கான்!"



சொந்தத் தப்பே கையில் விலங்காக வந்து நின்றது. 'மாட்டிகினு சாவுடா... உனக்கு இதுதான் நியாயம்' என்று ஒரு கணம் அவன் மனசே சொன்னது. ஹரிதாவின் குரல் காதில் கேட்டது. யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா...

வெங்கடம்மா கை நீட்டினாள். "மொட்டை போட்ட டோக்கன் இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்று வந்தது. திருமலை. ஞாயிறு. பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"மலை மேல மொட்டைக்கு உக்காந்துகினு இங்க கம்ப்யூட்டர் தட்ட முடியாது." சீட்டை மடித்தாள். "சுரேஷ்பாபு சார், இவன் இடது வலதை மாத்திப் போடறான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சனிக்கிழமை சாயங்காலம். இவனே வந்து அழுதான்."

"சனிக்கிழமையே தெரியும்."

"ஆமா மேடம்."

"அப்போ இந்தத் திரையிலயே கடைசி வரியில இருக்கே, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பத்துக்கு, அதே தப்பு ரிப்போர்ட்டை உங்க பேர்ல அமெரிக்காவுக்கு ஏன் அனுப்பினீங்க?"

சுரேஷ்பாபு கைக்குட்டையைக் கசக்கினான்.





"அது... கல்யாண அவசரத்துல..."

"கல்யாண மண்டபத்துல லேப்டாப்பைத் திறந்து வெச்சுகினு ஒன்றரை மணி நேரம் என்னா அவசரம்? பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட இவன் வர்றதுக்கு முன்னாடியே போன்ல பேசிட்டேன். சாப்பாட்டுக்குக்கூட வரலியாம்! அவ ரெண்டு மணி வரைக்கும் உயிரோட இருந்த மாதிரியும் காட்டணும், ரிப்போர்ட்டும் தப்பாவே போகணும்... ரெண்டையும் ஒண்ணா செய்யப் பார்த்தே. சொல்லு. அந்த டீம் தோத்தா உனக்கு என்னா லாபம்?"

சுரேஷ்பாபு கையெடுத்துக் கும்பிட்டான்.

"அவங்க ஓனருக்குத் தோக்கணும் மேடம்! கடைசி இடத்துல வர்ற டீமுக்குத்தான் அடுத்த வருஷம் காலேஜ் பசங்கள்ல முதல் ஆளைப் பொறுக்கற உரிமை. யானை மாதிரி ஒருத்தன் வர்றானாம். மூணாவது வாரமே தப்பைக் கண்டுபுடிச்சு ஓனரோட ஆள் போன் பண்ணான். திருத்தாதே, அப்படியே விடு, அமெரிக்காவுல வேலை, ஃபேமிலிக்கு விசான்னான்..."

 எட்டு வாரமாக மணிவேலின் தப்பை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்!

"நேத்து காலையில கல்யாணத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இங்க வந்தேன். ஹரிதா மாடியில போன்ல ஏதோ டைப் பண்ணிட்டிருந்தா. போனைத்தான் புடுங்கினேன் மேடம். தள்ளணும்னு நினைக்கல... கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இல்ல... அவ எதையும் அனுப்பறதுக்குள்ள..."

மேஜை போன் அடித்தது!

எல்லோரும் அதையே பார்த்தார்கள். வெங்கடம்மா ஸ்பீக்கரை அழுத்தினாள். அமெரிக்க இங்கிலீஷில் ஒரு கரகரத்த குரல், பின்னால் ஒரே கூச்சல். அங்கே இன்னும் ஞாயிறு ராத்திரி.

"பைசன்ஸ் கோச் பேசுகிறேன்! மிஸ் ஹரிதா இருக்கிறாரா? அவர் போனிலிருந்து அனுப்பிய மெயிலை நம்பித்தான் ஆளை நிறுத்தினேன். உங்கள் ஆபீஸ் ரிப்போர்ட் இந்த சீசனில் ஒருமுறையாவது சரியாக இருந்ததா? இன்று நாங்கள் ஜெயித்துவிட்டோம்!"

சுரேஷ்பாபு தரையில் உட்கார்ந்துவிட்டான். எதைத் தடுக்க ஒரு பெண்ணைக் கொன்றானோ, அது அவன் மாடிப்படி ஏறும் முன்பே கடல் தாண்டிப் போய்விட்டிருந்தது!

"அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்," என்றது குரல். "தவறு என்னுடையது, வேறு யாரையும் தண்டிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். நாங்கள் கோபப்படவில்லை. அவரிடம் பேசலாமா?"

வெங்கடம்மா மெல்ல ஸ்பீக்கரை அணைத்தாள்.

மணிவேல் சுவரில் சாய்ந்து சரிந்தான். தவறு என்னுடையது! அவன் தப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டல்லவா போயிருக்கிறாள்...

"மேடம்... என்னையும் கூட்டிகினு போங்க. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா..."

"அதுக்கு எந்த செக்ஷனும் இல்ல தம்பி." வெங்கடம்மாவின் குரல் இறங்கியது. "அதை நீயேதான் சுமக்கணும். புத்தலப்பட்டுல அவங்க அம்மாகிட்ட உன் வாயாலயே சொல்லு. நான் கூட வர்றேன்."

அவன் தலையசைத்தான். மொட்டைத் தலை விளக்கொளியில் பளபளத்தது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. விலைதான் அவன் கேட்டது இல்லை.

கான்ஸ்டபிள் சுரேஷ்பாபுவைத் தூக்கி நிறுத்தினார். ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்ச். அவன் எதில் உட்காருவது என்று தெரியாமல் விழித்தான்.

"மேடம்... எந்தப் பக்கம்?"

வெங்கடம்மா தொப்பியைச் சரிசெய்தாள்.

"லெஃப்ட்டுல உக்காந்தாலும் சரி, ரைட்டுல உக்காந்தாலும் சரி... இந்த வண்டி ஜெயிலுக்குத்தான்யா போகும்!"