பதினான்காம் கோட்டின் படம்

மறுகரை நகரில் காபி குடிப்பதற்கு முன்னால் தெருப்பலகையைப் பார்த்துவிடுவது வழக்கம். நிலத்தை அளந்த கோடுகளின் படங்கள் அதில் தொங்கும்; நாளுக்கு ஒன்று மாறும். சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகப் பூமியின் உள்கட்டு. அடுக்குகள் பாய் விரித்தாற்போல் கிடந்தால் நிம்மதி. நடுவில் எங்காவது கன்னங்கரேலென்று குழி தெரிந்தால் அதற்கு மேலே குடியிருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் படங்களைப் போடுகிறவர் சிவக்கொழுந்து. நாற்பத்தாறு வயது, தானுண்டு தன் வேலையுண்டு என்றிருக்கிற மனிதர். காலை எட்டரைக்குப் படம் போடும் அலுவலகமான படமனைக்குள் நுழைந்து, கருந்திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டளைவரியில் தட்டுவார்: அதிர்வரை கோடு=9 உச்சம்=99 நிறம்=சாம்பல். இரண்டு விநாடியில் படம் விழும். அதன் அடியில் அவர் தட்டிய கட்டளை, எழுத்துக்கு எழுத்து அப்படியே. அதற்கும் கீழே அவருடைய பெயர்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. கடல் கடலோரத்தை விழுங்கிய பிறகு, பிழைத்தவர்களை உள்நாட்டுச் சுண்ணாம்புப் பாறை மேட்டில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். மறுகரை என்று பெயரும் வைத்தார்கள். இரண்டு லட்சம் பேர் தண்ணீரை உறிஞ்ச, பாறைக்குள் பொந்துகள் விழுந்தன. அதிர்வு வண்டி ஒரு கோடு பிடித்து ஓடி நிலத்தைத் தட்டும். வரிசையாக நட்ட ஜியோபோன்கள் திரும்பி வரும் அதிர்வைக் கேட்டுக்கொள்ளும். அதைப் படமாக்கினால் பொந்து தெரியும். முதலில் இந்த வேலையைச் செயற்கையறிவுதான் செய்தது. அழகான படங்கள். பதிவு விட்டுப்போன இடத்தையெல்லாம், இப்படித்தான் இருக்கும் என்று அதுவே ஊகித்து நிரப்பி வைத்தது. அப்படி நிரப்பிய இடமொன்றில் ஒரு சந்தை, பட்டப்பகலில், ஆளோடும் கடையோடும் உள்ளே போயிற்று.

அதன் பிறகுதான் வெறுங்கருவிச் சட்டம் வந்தது. சொன்னதை மட்டும் செய்கிற கருவி, சொல்வதற்கு ஒரு மனிதர், சொன்னதற்கு அவர் பெயர். அதிர்வரை என்கிற அந்தக் கருவிக்கு மூளை கிடையாது. அதனால் பொய்யும் கிடையாது என்று சிவக்கொழுந்து புதியவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அன்று திங்கட்கிழமை, பதினான்காம் கோட்டின் முறை. மேற்கே மேலத்தெருவில் தொடங்கிக் கிழக்கே கீழத்தெருவில் முடிகிற கோடு அது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அதைப் போட்டவரும் சிவக்கொழுந்துதான். மேலத்தெருவுக்கு அடியில் யானை படுத்தாற்போல் ஒரு பொந்து. அறுபத்து மூன்று வீடுகளைக் காலி செய்து, சனங்களைக் கல்குவாரிக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கோடு போகிற வழியில் தெரு காலியாகிவிட்டால் அடுத்த அளவை ஐந்து வருடம் கழித்துத்தான். அதுதான் இப்போது வந்திருந்தது.

கட்டளையைத் தட்டினார். படம் விழுந்தது. பொந்து கீழத்தெருவுக்கு அடியில் இருந்தது.

பொந்து நடந்து போகாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே யானை, அதே வயிறு. இடம் மட்டும் வலமாகியிருந்தது. பழைய களக்குறிப்பைத் திறந்தார். 'வாய்க்கால் பாலம் உடைந்திருப்பதால் வண்டி கிழக்கே தொடங்கி மேற்கே முடித்தது' என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்படி ஓடிய கோட்டுக்குக் கட்டளையில் 'திருப்பு=ஆம்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். படத்தின் இடப்பக்கம் மேற்கு என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த ஒரு சொல்லை அவர் சேர்க்கவில்லை. கருவி கேட்கவும் இல்லை.

கட்டளை ஐந்து வருடமாக ஊர்ப்பலகையில் எல்லோரும் பார்க்கத்தான் தொங்கியது. ஒருவரும் படிக்கவில்லை, எழுதியவர் உட்பட. சிவக்கொழுந்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபத்தில்லாத நிலத்திலிருந்து அறுபத்து மூன்று குடும்பங்களைத் துரத்திவிட்டு, ஆபத்தின் தலைமேல் எழுபது குடும்பங்களை ஐந்து வருடம் தூங்கவிட்டிருக்கிறார்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு தலைமை அலுவலர் ரெஜினாவிடம் போனார். அந்த அம்மாள் இரண்டையும் வாங்கி மேசைமேல் விரித்தார்.

"கீழத்தெருவ இன்னைக்கே காலி பண்ணிடலாம். புதுப் படம் சரியாத்தான இருக்கு?"

"சரியா இருக்கு மேடம். பழசுதான்..."

"பழசப் பத்தி இப்ப யாரு கேட்டா? புதுசா ஒரு பொந்து கெளம்பியிருக்குன்னு நெனச்சுக்குவாங்க. உசுரு ஒண்ணும் போகாது."

"மேலத்தெரு சனங்க, மேடம்?"

"சிவக்கொழுந்து, நல்லா யோசிங்க. மனுசன் போட்ட படமும் தப்புன்னு தெரிஞ்சா மறுநாளே பழைய மெஷினக் கொண்டாந்து வச்சிடுவாங்க. இன்னும் எத்தன சந்த உள்ள போவணும்?"

அதில் நியாயம் இருந்தது. அதைவிட, அதில் அவர் ஒளிந்துகொள்ள ஒரு நிழல் இருந்தது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசானது. லேசானதை நினைத்துத்தான் அவருக்கு முதன்முதலாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இரண்டே நாளில் கீழத்தெரு காலியாயிற்று. மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டி ஒன்று அங்கே முழங்கால் ஆழம் இறங்கியது. அவ்வளவுதான், ஊர் சிவக்கொழுந்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். கோயில் கமிட்டி மாலையோடு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கழுத்துக்கு மாலை! அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். என்ன அடக்கம் பாருங்கள் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அஞ்சலையம்மாள் படமனைக்கு வந்தாள். தகரக் கொட்டகையிலிருந்து வருகிறவள், மேலத்தெருக்காரி. மேலத்தெரு காலியான மறுகோடையிலேயே அந்தத் தகரச் சூட்டில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஆனாலும் வருடத்துக்கொரு முறை, காலி செய்த நாளன்று, முருங்கைக்கீரை அடை சுட்டுக்கொண்டு வந்து சிவக்கொழுந்திடம் கொடுப்பாள். எங்க உசுர காத்த மவராசன் என்பாள். அவரும் வாங்கித் தின்றிருக்கிறார். நான்கு வருடம்.

இந்த முறை அவள் கையில் ஒன்றும் இல்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அய்யா, ஒண்ணு கேக்கலாமா? கீழத்தெரு பக்கம் பொந்து போயிருச்சாமே."

"ம்."

"புதுப் படத்த நானும் பலகையில பாத்தேன். எங்க தெருவுக்குக் கீழ பாயாட்டம் கெடக்கு, ஒரு ஓட்டையும் காணும். அப்ப அது தூர்ந்துபோச்சா? நாங்க வூட்டுக்குப் போலாமா?"

எத்தனையோ படித்தவர்கள் கேட்காத கேள்வி. ஆமாம், தூர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள், அவர் பெயருக்கும் பங்கமில்லை. ரெஜினா மேடமே மகிழ்ந்துபோவார். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல முடியவில்லை.

"ஒக்காருங்கம்மா," என்றார். அவள் உட்காரவில்லை. "அது தூரல. அங்க எப்பவுமே பொந்து இல்ல. நான் படத்தத் திருப்பாமப் போட்டுட்டேன். ஒரு சொல்லு விட்டுப்போச்சு. தப்பு என்னுது."

அவளுக்குப் புரியவில்லை. பழைய படத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டினார். பிறகு அவள் முன்னாலேயே, விட்டுப்போன சொல்லைச் சேர்த்து, மறுபடி தட்டினார். யானை மேற்கிலிருந்து கிழக்குக்கு மாறிப் படுத்தது. இரண்டு விநாடி.

"இந்தப் படத்த இன்னைக்கே எல்லாப் பலகையிலயும் மாட்டப்போறேன். என் பேரோட. மேடம் என்ன சொன்னாலும் சரி. நீங்கல்லாம் வூட்டுக்குப் போலாம்." திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "என்னைத் திட்டுங்கம்மா. எது வேணாச் சொல்லுங்க."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். உண்மையைச் சொன்னால், அதற்காகவே காத்திருந்தார். யாராவது ஒருவர் முகத்தில் காறித் துப்பினால் இந்தப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று தோன்றியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. மெல்லச் சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு எங்க வூட்டுக்காரரு வரமாட்டேன்னாரு," என்றாள். "எங்க அப்பன் தோணி போட்ட கடலையும் வுட்டுட்டு வந்தேன், இந்த வூட்டயாவது வுடமாட்டேன், இதுக்குக் கீழ ஒண்ணுமில்லடின்னு தூணக் கட்டிக்கிட்டு நின்னாரு. போலீசு தொடல. வயசானவரு, நீங்களே பேசி அழச்சிக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க."

இது சிவக்கொழுந்துக்குத் தெரியாது.

"நான்தாய்யா படத்த காட்டி, கத்துனேன். மூள கெட்ட மனுசா, எழுதியிருக்குது பாரு, ஆபிசரு பேரு போட்டிருக்குது பாருன்னு. தூண்லேருந்து அவரு வெரல ஒண்ணொண்ணா நான்தான் பிரிச்சேன். கொட்டாயில கெடந்து காய்ச்சலு கண்டப்பகூட, உசுரு தப்பினது என்னாலதான்னு சொல்லிக் காட்டுனேன்."

"அம்மா, அது என் தப்பு. உங்க தப்பில்ல."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நான்கு நாளாகக் கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே கூச்சம், இப்போது அவள் முகத்தில் இருந்தது. தன் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி, கடைசியில் யார் தலையில் வைத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பலகையில மாட்டுனா என் பசங்க பாப்பானுவோ. ஏம்மா அப்பாவ இழுத்துக்கிட்டு வந்தேன்னு கேப்பானுவோ."

"என் பேரச் சொல்லுங்கம்மா. அதுக்குத்தான் பேரு போடறோம்."

அஞ்சலையம்மாள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சொல்றேன்," என்றாள். "ஆனா அவரு வெரலப் பிரிச்சது இந்தக் கைதானேய்யா."