குடி நீக்கிய நிலம்

கதிரவன் மறைந்த சிறு பொழுதுக்குள் மார்கழி முழுமதி மூங்கில் தோப்புக்கு மேலே எழுந்து, காவிரியின் கிளையாறு ஒன்றை உருக்கிய வெள்ளியாக மாற்றிக்கொண்டிருந்தது. ஆற்றின் இருகரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்த பூம்பழனக் கூற்றத்து வயல்களில் நெற்பயிர் பால் பிடித்துத் தலை சாய்த்து நின்றது. ஆனால் வாசகர்களே, சற்று நின்று பார்த்தால் அந்த எழிலில் ஒரு குறை தென்படும். வரப்புகளில் மனித நடமாட்டம் இல்லை. உழவர் குடியிருப்புகளில் பத்தில் ஒரு கூரையிலிருந்துகூட அடுப்புப் புகை எழவில்லை.

கோட்டை மேல்மாடத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிற்றரசர் சிங்கமல்லர், அருகில் நின்ற தம் உடன்பிறந்த இளையவனிடம் திரும்பினார்.

"தம்பி, இருந்த சிலரைக் கொண்டு எப்படியோ நட்டுவிட்டோம். அறுப்பதற்கு யார் வரப்போகிறார்கள்?"

படைத்தலைவன் குஞ்சரமல்லன் வெறிச்சோடிய வரப்புகளைப் பார்த்தான். காரணம் அவனுக்கும் தெரியும். வடதிசைப் போரில் வென்று திரும்பிய வீரர் ஒவ்வொருவரும் கொண்டுவந்த பொன்னைக் கொட்டி நன்செய் வாங்க முற்பட்டார்கள். ஊர்ச் சபைகள் விற்றன. விலை ஏற ஏற, பழைய உழவர்களின் உரிமை ஒட்டிய நிலத்தை எவரும் விரும்பவில்லை. ஆகவே விலை ஓலைகளில் 'குடி நீக்கி' என்ற இரண்டு சொற்கள் ஏறின. தலைமுறை தலைமுறையாக அந்தச் சேற்றில் நின்றவர்கள், நிலத்துக்கு எவரும் விலை கேளாத மேற்குக் கல்முகைக் காட்டை நோக்கி நடந்தார்கள். கூலிக்கு ஆள் எப்போதும் கிடைக்கும் என்று வாங்கியவர்கள் நினைத்திருந்தார்கள்.

"அவர்களை அழைத்து வா. அரண்மனைக் கட்டளை என்றால் அஞ்சி இன்னும் மேற்கே போய்விடுவார்கள். வேற்றுருவில் போ" என்றார் சிங்கமல்லர்.

நான்காம் நாள் குஞ்சரமல்லன் விதை வணிகன் கோலத்தில் கல்முகையை அடைந்தான். இருநூறு குடும்பங்கள் அங்கே பாறைக்கும் முள்ளுக்கும் நடுவில் கிடந்தன. பூம்பழனத்தில் ஒருவன் உழுது பத்துப் பேருக்குச் சோறு போட முடியும். இங்கே பத்துப் பேர் கல் பொறுக்கியும் ஒருவனின் வயிறு நிறையவில்லை. அவர்களுக்குத் தலைவராக இருந்த முதியவர் சேந்தனுக்குக் கண் மங்கிவிட்டது. எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவள் அவருடைய மகள் ஆதிச்சி.

"விதை கொண்டு வந்தீரோ, வணிகரே? முதலில் தண்ணீர் வேண்டும். கைகள் சும்மா இருந்தால் நாங்கள் வெட்டும் கிணற்றுக்குள் இறங்கும்!" என்றாள் அவள்.

அவன் இறங்கினான். வாள் பிடித்துக் காய்த்த கை கடப்பாரை பிடித்துக் கொப்புளித்தது. பத்தொன்பது நாட்கள் அவன் வெட்ட வெட்ட அவள் மண் சுமந்தாள். இருபதாம் நாள் பிற்பகலில் பாறை இடுக்கிலிருந்து நீர் கசிந்தபோது மேலே நின்ற இருநூறு குடும்பமும் ஆரவாரித்தது. ஆதிச்சி இரு கையாலும் அள்ளி அவனிடம் நீட்டினாள்.

"முதல் கை நீர் உமக்கு" என்றாள். அந்த நீரைப் பருகியபோதுதான், எதற்காக அங்கே வந்தோம் என்பதையே இத்தனை நாள் மறந்திருந்ததைக் குஞ்சரமல்லன் உணர்ந்தான்.

அன்று மாலை வற்றிக் கிடந்த காட்டாற்றின் கரையில் அவளைத் தனியே கண்டு பேச்சைத் தொடங்கினான்.

"ஆதிச்சி, பூம்பழனத்தில் கதிர் முற்றிவிட்டது. நீங்கள் அனைவரும் அங்கே திரும்பினால் என்ன?"

"அறுவடைக்கா? அறுத்த மறுநாள் எங்கே நிற்பது?" ஆதிச்சி ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள். "எங்கள் ஊரை விற்ற அன்று சபையில் ஓலையை வாசித்தார்கள். படைத்தலைவர் ஒருவர் தம் தாயாரின் புண்ணியத்துக்காகக் கோவிலில் விளக்கெரிக்க வாங்கினாராம். விளக்கு எரிகிறதோ என்னவோ! என் தாயை வரும் வழியில் ஓர் ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தோம். குழி தோண்டக்கூட எங்களிடம் மண்வெட்டி இல்லை, வணிகரே. கையால் தோண்டினோம்."

"அந்தப் படைத்தலைவரின் பெயர்…"

"குஞ்சரமல்லர்."

அவன் தலைப்பாகையைக் கழற்றினான். தன் குலமான அரையர் வம்சத்து முத்திரை மோதிரத்தை மடியிலிருந்து எடுத்து அவள் முன்னால் மணலில் வைத்தான்.

"அந்தப் பாவி நானே. ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஒப்பமிட்டவன் நானே."

அவள் அழவில்லை, ஏசவில்லை. வெகுநேரம் அவன் கைக் கொப்புளங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சரமல்லன் மண்டியிட்டான்.

"என் தாயின்மீது ஆணை! அந்த இரண்டு சொற்களையும் அழித்து, உங்கள் உழவுரிமையைச் செப்பேட்டில் பொறித்துக்கொண்டுதான் இனி உன் முகத்தில் விழிப்பேன். அதுவரை எனக்காகக் காத்திருப்பாயா?"

"வாருங்கள்" என்றாள் ஆதிச்சி. முதன்முறையாக அவள் கண்கள் நிறைந்தன. "நாங்கள் வேறெங்கே போகப்போகிறோம்?"

அந்த ஆண்டு பூம்பழனத்து நெல்லில் பெரும்பகுதி வயலிலேயே உதிர்ந்தது. அப்போதும் நிலம் வாங்கியவர்கள் இசையவில்லை. ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் எல்லா நிலத்துக்கும் விலை சரியும் என்று சபைக்குச் சபை குஞ்சரமல்லனை மறித்தார்கள். பதினோரு மாதம் அவன் வாசல் வாசலாக ஏறி இறங்கினான். கடைசியில் தான் வாங்கிய ஒரே ஓர் ஊருக்கு மட்டும் 'குடி நீங்கா நிலம்' என்று பொறித்த செப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேற்கே குதிரையை விரட்டினான்.

கல்முகையில் கம்பு ஆளுயரம் நின்றது. குடிசைகளைக் காணவில்லை. முள்வேலிக்குள்ளிருந்து காவலன் ஒருவன் வேலோடு எதிர்ப்பட்டான்.

"இங்கிருந்த உழவர்கள் எங்கே, அப்பா?"

"போய்விட்டார்கள், ஐயா. கல்லும் கரடுமாகக் கிடந்தவரை இதை எவர் கேட்டார்? கிணற்றில் தண்ணீர் வந்தது, கம்பு விளைந்தது, விலைக்கும் போய்விட்டது. போன மாதம்தான் அரண்மனை ஓலை வந்தது, குடி நீக்கி விற்றதாக."

அண்ணனின் ஓலை!

"சேந்தன் என்ற பெரியவரின் மகள்… அவள் ஏதேனும் சொன்னாளா?"

"அந்தப் பெண்ணா? மற்றவர்கள் மண்ணை வாரித் தூற்றியபோது அவள் மட்டும் முன்னால் வந்தாள். ஓலையில் இருந்த முத்திரையைக் காட்டச் சொன்னாள். அரையர் வம்சத்து முத்திரை என்று காட்டினோம். பார்த்துவிட்டு, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்."

"எந்தப் பக்கம்?"

காவலன் மேற்குத் தொடர்ச்சி மலைகளைச் சுட்டினான். அங்கே கணவாய்கள் பல. ஒவ்வொன்றுக்கு அப்பாலும் வேறு வேறு நாடு. குஞ்சரமல்லன் மலையை நோக்கித் திரும்பினான். குதிரையைத் தட்டிவிட்டான். அவன் பூம்பழனத்துக்குத் திரும்பவே இல்லை.