கரட்டு நேரம்

பீளமேட்டில் காலை ஆறரைக்குக் குக்கர் விசில் அடித்தால் புல்லாங்குழல் ஊதுவது போலிருக்கும். மிக்ஸி ஓடினால் தூறல் விழும். எதிர்வீட்டு நாய் குரைப்பதோ, யாரோ பெரிய மனிதர் சபையில் தொண்டையைச் செருமிக்கொள்வது போல அடக்கமாகக் கேட்கும். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பேர் வைக்கிற அன்றைக்கே குழந்தையின் காதுக்குள் உளுந்தளவு செவிமணி ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். அதன் பிறகு ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் சீராக்கி என்ற பெரிய இயந்திரம், எல்லாச் சத்தத்தையும் குளிப்பாட்டித் தலைவாரித்தான் உள்ளே அனுப்பும்.

"காபி ஆறுதுங்க," என்றாள் தன்ஷிகா, அடுப்படியிலிருந்து.

"தோ, சட்டையத் தேச்சுட்டு வந்தர்றேன் கண்ணு," என்றான் லோகித். பதினொரு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் குரல். வெல்லப் பாகு போலக் கட்டி தட்டாமல் ஓடும் குரல். அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவன் வந்து டம்ளரை வாங்கியபோது, எல்லோரையும் போல அவளும் அவன் நெற்றியைப் பார்த்துத்தான் பேசினாள். பேச்சைச் சீராக்க இயந்திரத்துக்கு அரை நொடி வேண்டும். அதனால் வாயசைவும் குரலும் எப்போதும் ஒட்டாது. வாயைப் பார்த்துப் பேசுகிறவர்களை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் சீராக்கி முந்திக்கொண்டு தானே முடித்தும் வைக்கும். பேசினவரும் மிச்சத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வார். நேரம் மிச்சம் என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

இப்படி ஊரே வழுக்கிக்கொண்டு போகையில், தன்ஷிகாவுக்கு மட்டும் தடுக்கி விழ ஆசை வந்துவிட்டது. அவள் பம்பு செட்டுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் பழைய அலமாரியை ஒழித்தபோது மட்கிப்போன காகிதக் கட்டு ஒன்று அகப்பட்டது. 'சில்லுத்தாளம் செய்யத் தொடங்குவோருக்குப் பத்துப் பாடங்கள்.' அந்தக் காலத்தில் கிளிட்ச் என்றும் சொன்னார்களாம். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இது ஆடுவதற்கான தாளம்தான். ஆனால் போகிற போக்கில் தடுக்கும். ஒரு சத்தம் நான்கு தடவை வந்து நிற்கும், அடுத்தது வரவே வராது. தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும். அந்த அந்தரத்தில்தான் சுகம்.'

அந்தக் கடைசி வரியில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்படி ஒரு தாளத்தை அவள் கேட்டதில்லை. ஊரில் எவரும் கேட்டதில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒலிவெட்டி என்ற மென்பொருளை வாங்கிக் கணினியில் போட்டுக்கொண்டு, பாடத்தில் சொன்னபடி ஆரம்பித்தாள். இட்லிக் குண்டான் மூடி விழுகிற சத்தம், காற்றடைத்த பம்பு தண்ணீரைக் கக்குகிற சத்தம், பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம். ஒவ்வொன்றையும் பதினாறு சில்லுகளாக வெட்டு. நிமிடத்துக்கு நூற்றைந்து அடி வை. ஒரு சில்லைத் திரும்பத் திரும்பப் போடு. ஒன்றைப் பிடுங்கி எறி. ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பு. எல்லாம் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், காதில் விழுந்தது நல்ல தேனொழுகும் மெட்டு. அவள் உடைத்த இடங்களையெல்லாம் சீராக்கி பூசி மெழுகி வைத்திருந்தது.

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பிரகதியக்காவுக்கு அனுப்பினாள். மறுநாள் அக்கா கன்னத்தைக் கிள்ளினாள். "அருமையா இருந்துச்சு கண்ணு. பாதியிலேயே தூங்கிப்போட்டேன்."

ஆட வைக்கப் போட்ட பாட்டு ஆளைத் தூங்க வைத்தால் எந்த மனுசிக்குத்தான் எரியாது? ஆனாலும் விடவில்லை. காதுக்கு எட்டாவிட்டால் கண்ணுக்கு எட்டாதா என்று, திரையில் தெரிகிற ஒலி அலைகளைப் பார்த்தே வெட்டினாள். மார்கழிக் கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி, நான்காவது சில்லில் ஓர் உடைப்பு, எட்டாவதில் ஒன்று, பன்னிரண்டாவதில் ஒன்று. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அதை உள்ளபடி கேட்க ஒரே வழிதான் உண்டு. கரட்டு நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்து வரை சீராக்கிக்குப் பராமரிப்பு. அந்த ஒரு மணி நேரம் எல்லாச் சத்தமும் கரடுமுரடாக அப்படியே காதில் விழும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பேசுவது, துண்டு கட்டிக்கொண்டு தெருவுக்கு வருவது மாதிரி. ஜன்னலைச் சாத்திக் காதில் பஞ்சடைத்துப் படுத்துவிடுவார்கள்.

லோகித் மட்டும் படுக்க மாட்டான். மூன்றரைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு மாதம் டயருக்குக் காற்று. ஒரு மாதம் தலைவலி மாத்திரை. கடைகளே திறந்திருக்காது என்பது பதினொரு வருடத்தில் தன்ஷிகாவுக்கு உறைக்கவே இல்லை. தூக்கத்தில் இருப்பவளுக்கு எப்படி உறைக்கும்?

சனிக்கிழமை கேட்டாள். "நாளைக்கு ஒரு தடவ வீட்டுலயே இருங்களேன். என்ற மொதப் பாட்டுங்க. நீங்கதான் கேட்டுச் சொல்லோணும்."

"பாக்கலாம் கண்ணு. ஒரு சோலி இருக்குது," என்றது பாகுக் குரல்.

"அந்த நேரத்துல அப்புடி என்னங்க சோலி?"

அவன் எழுந்து போய்விட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செய்ததைக் கேட்க இந்த ஊரில் ஒரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஓர் ஆளும் இவனாக இருக்க வேண்டும். இது பெரிய ஆசையா?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். லோகித் மூன்றரைக்குத் தேட ஆரம்பித்தான். சட்டைப்பை, அலமாரி, டிவி மேல், டிவி கீழ். நேரம் ஆக ஆக அவன் முகம் வெளுத்தது. நடந்தாவது போய்விடலாம் என்று செருப்பை மாட்டினான். அதற்குள் நான்கு அடித்துவிட்டது.

காதுக்குள் ஏதோ ஒரு திரை விலகியது. மின்விசிறி கரகரவென்று சுற்றியது. எதிர்வீட்டு நாய் தெருவே அதிரக் குரைத்தது. தன்ஷிகா பாட்டை ஓடவிட்டாள்.

டக் டக் டக் டொக். டக் டக் டக் டொக். அவ்வளவுதான். போல்ட்டு கழன்ற பம்பு ஓடுகிற சத்தம். கால் அந்தரத்தில் நிற்கவில்லை, அசையக்கூட இல்லை. இரண்டு நிமிடம் அது அப்படியே ஓடி முடிந்தது.

"எப்புடிங்க இருக்குது?" என்றாள். அவளுடைய குரலே கொஞ்சம் கீச்சென்று கேட்டது.

அவன் வாசற்படியில் நின்றபடி கையை ஆட்டினான். நன்றாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம், விடு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"ஊரே பூசி மெழுகுதுங்க. நீங்களுமா?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒருத்தராச்சும் நெசத்தச் சொல்லுங்களேன்."

லோகித் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"த... த... த..." கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு துடித்தது. "தப்பான எ... எடத்துல ஒ... ஒ... ஒடையுது."

தன்ஷிகா பயந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். ஏதோ நோவு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டி, உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தான். அவன் சொன்னதை நான் இங்கே ஒழுங்காக எழுதினால் நானும் ஒரு சீராக்கி ஆகிவிடுவேன். எல்லாத் தடங்கலையும் எழுதினாலோ ஐந்து மணி அடித்துவிடும். ஆகவே கொஞ்சம் அப்படியும் கொஞ்சம் இப்படியும்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து திக்குகிறதாம். அவன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாதாம். மாதா மாதம் அந்த ஒரு மணி நேரம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பானாம். "நீ க... கட்டிக்கிட்டது அந்தக் கொ... கொரலைத்தானே கண்ணு. இ... இது தெரிஞ்சா..." என்றவன் அத்துடன் நிறுத்திக்கொண்டான்.

தன்ஷிகாவுக்குக் கோபம் வந்தது. இவன் மேல் அல்ல. பதினொரு வருடம் இவனைத் தொட்டி மேட்டில் உட்கார வைத்துவிட்டுப் பஞ்சடைத்துத் தூங்கின தன் மேல்தான். வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "சரியான எடம் எதுங்க அப்ப?"

அவன் நிமிர்ந்தான். அப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

"நா... நாலாவதுல நிக்கும்னு தெரிஞ்சுட்டா அது தி... திக்கலே இல்ல. மொதல்ல ந... நல்லாப் போகும். ந... நம்பிக்கை வரும். பொறவு எது ரொம்ப வே... வேணுமோ, அது மேல போயி நி... நின்னுக்கும்."

காகிதக் கட்டின் பத்துப் பாடத்திலும் இது இல்லை. அவள் அவனைக் கணினி முன் இழுத்து உட்கார வைத்தாள். கோலப் புள்ளிகளையெல்லாம் அழித்தாள். தாளம் ஒழுங்காகப் போகட்டும் என்றான் அவன். பம்பு கக்குகிற சத்தம்தான் பாட்டின் உயிர், கேட்கிறவர் அதற்காகத்தான் காத்திருப்பார், அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்து என்று மேசையில் தட்டிக் காட்டினான். க, க, க, ஒரு மூச்சு, அப்புறம் கொட்டட்டும். வாழ்நாள் முழுக்க ஒளித்து வைத்த வித்தையை ஒருவன் இவ்வளவு உற்சாகமாகச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

நாலே முக்காலுக்குப் பாட்டை ஓடவிட்டார்கள். தாளம் நடந்தது, நம்பிக்கை வந்தது, தடுக்கியது. தன்ஷிகாவின் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. லோகித்தின் காலும் அதே நொடியில் நின்றது. பிறகு பம்பு கொட்டியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று தடவை ஓட்டி மூன்று தடவையும் ஆடினார்கள். மேல்வீட்டுக்காரர்கள் பஞ்சுக்குள்ளிருந்து என்ன நினைத்தார்களோ!

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவன் சொன்னான். "அ... அன்னைக்கு வ.உ.சி. பார்க்குல... நான் மு... முடிக்கவே இல்ல கண்ணு. க... 'க'ன்னு ஆரம்பிச்சேன். மிச்சத்த அ... அதுதான் சொல்லுச்சு. நான் வாய மூடிக்கிட்டேன்."

அவன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டது அந்தப் பார்க்கில்தான். அப்படியென்றால் தான் சரி என்று சொன்னது யாருக்கு?

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "நீங்களே. முழுசா."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிடம் இருந்தது. அவளைப் பார்த்தான். "க..." என்றான். "க... க..."

ஐந்து அடித்தது. திரை விழுந்தது. கரகரத்த மின்விசிறி தென்றலாயிற்று. அவள் காதுக்குள் பாகு ஓடியது: "கட்டிக்கலாமா, தன்ஷிகா?"

எப்போதும் இந்த இடத்தில் லோகித் வாயை மூடிக்கொள்வான். இன்று மூடவில்லை. அவளும் நெற்றியைப் பார்க்கவில்லை, நேராக வாயைப் பார்த்தாள். உதடுகள் இன்னும் முதல் எழுத்திலேயே நின்று முட்டிக்கொண்டிருந்தன. காதில் ஒரு சத்தமும் இல்லை. சீராக்கிக்கு வேலை முடிந்துவிட்டது. அவள் பதில் சொல்லாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒவ்வோர் எழுத்தாக அந்த உதடுகள் ஏறி இறங்கின. அவள் பெயர் வந்தபோது முதல் எழுத்தில் மறுபடியும் நின்றன. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசி எழுத்தும் வந்து வாய் திறந்தபடி நின்றது.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"கட்டிக்கலாமுங்க," என்றாள் தன்ஷிகா.