அவன் சுடாத ஓட்டம்

“சிவப்பு அட்டையா... எனக்கா?”

மின்னலுக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். நூறு மீட்டரில் அவளை ஜெயிக்க ஆளே இல்லை. அப்படிப்பட்டவளை, துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாய்ந்துவிட்டாள் என்று ஓடவே விடாமல் வெளியே அனுப்பிவிட்டான், துப்பாக்கி சுட்டு ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் அந்தப் புது ஸ்டார்ட்டர்!

சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கேலரிக்கு அடியில் ஒதுங்கினால்... அங்கே அவன்! ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றான்.

“சாருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?”

“உங்களைப் பார்க்கற அளவுக்குத் தெரியும்ங்க.”

“என்னது?”

“இல்ல... உங்க கால் அசைஞ்சதைப் பார்த்தேன்னு சொல்ல வந்தேன்.” அவன் காது சிவந்தது. “வழக்கமா வர்ற ஸ்டார்ட்டர் ‘செட்’ சொல்லிட்டுச் சுடறதுக்கு எப்பவும் ஒரே அளவு நேரம்தான் விடுவார். நீங்க மனசுக்குள்ள எண்ணிட்டுப் பாயறீங்க, சத்தத்தைக் கேட்டு இல்ல. நான் கொஞ்சம் இழுத்தேன், மாட்டிக்கிட்டீங்க.”

சுருக்கென்றது அவளுக்கு. கோச்சாக இருக்கும் அப்பாவுக்கே தெரியாத வித்தை அது! ஆனால் அந்தக் கண்கள் அவளைக் குற்றம் சொல்லவில்லை... சிரித்தன. பாழாய்ப்போன மனசு, அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றது.

“அடுத்த மாசம் தேர்வு ஓட்டம். சத்தம் கேட்டுட்டே ஓடி ஜெயிச்சுக் காட்டறேன். நீங்களே வந்து சுடுங்க!”

“கண்டிப்பா!”

அந்த மாதம் முழுக்க அக்கா தன் இஷ்டத்துக்குத் தட்டைத் தட்ட, சத்தம் கேட்ட பிறகே பாய்ந்து பழகினாள்.

“யாருக்காகடி இந்த வேகம்?”

“தேர்வுக்குத்தான்!”

“தேர்வுன்னா முகம் ஏன்டி இப்படிச் சிவக்குது?”

தேர்வு நாள். தோற்றால் உலகப் போட்டிக்குப் போக முடியாது. கோட்டில் குனிந்தவள் ஸ்டார்ட்டரைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக வரும் அந்தப் பழைய வழுக்கைத் தலைக்காரர்! அவனோ... கேலரியில் உட்கார்ந்திருந்தான்.

சே! சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாமல் ஒளிந்துகொண்டானே! அழுகை முட்டியது. வழுக்கைத் தலைக்காரரின் ‘செட்’ அவளுக்கு மனப்பாடம். எண்ணிப் பாய்ந்தால் வெற்றி நிச்சயம்... வேண்டாம். அவனுக்குச் சொன்னது சொன்னதுதான்.

டமார்!

ஓடினாள். பக்கத்துத் தடக்காரி முந்தினாள்... விடவில்லை... கடைசி எட்டில் நெஞ்சை முன்னே தள்ளி... ஜெயித்துவிட்டாள்!

அப்பாவிடம்கூடப் போகாமல் நேரே கேலரிக் கம்பியருகே வந்து நின்றாள்.

“ஏன் சார் வரல? பயமா?”

“பயம்தான்.” அவன் எழுந்தான். “மனசுக்குப் பிடிச்சவங்க ஓடும்போது நான் துப்பாக்கி தூக்கறது நியாயமில்ல. வேற ஆளைப் போடச் சொல்லி நானே விலகிட்டேன்.”

மூச்சு இரைத்தது அவளுக்கு. ஓடியதால் மட்டும் இல்லை.

“என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. அடுத்த போட்டிக்குத் துப்பாக்கியோட வந்துடறேன்.”

“வரக் கூடாது!” சிரிப்பும் கண்ணீருமாகக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நான் ஓடற எந்த ஓட்டத்துக்கும்... நீங்க சுட வரவே கூடாது!”