ஐம்பது ராத்தல் தப்பு

பத்து வயது ஹேசல் கணக்கில் வகுப்பிலேயே முதல். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை காலை, ஜன்னலில் ஐஸ் அட்டையைத் தப்பாக வைத்துவிட்டாள்.

கிளீவ்லாந்தில் அவள் குடியிருந்த தெரு முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் அந்த அட்டை இருக்கும். நான்கு பக்கமும் நான்கு எண்கள். எந்த எண் மேலே நிற்கிறதோ அத்தனை ராத்தல் ஐஸை ஐஸ்காரர் ரினால்டி தோளில் சுமந்து வருவார். பாலும் சாப்பாடும் கெடாமல் வைக்கும் ஹேசல் வீட்டு ஐஸ் பெட்டிக்கு இருபத்தைந்துதான் கொள்ளும். தூக்கக் கலக்கத்தில் அவள் ஐம்பதை மேலே வைத்திருந்தாள்.

மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"என்னம்மா, வீட்ல கல்யாணமா? ஐம்பது கேட்டிருக்கே?"

"ஐயோ, இருபத்தஞ்சுதான் வேணும்!"

"அதை அட்டைகிட்ட சொல்லியிருக்கணும். திரும்பக் கீழே தூக்கிட்டுப் போக என் முதுகு என்ன ரப்பரா?"

ஐஸைக் குத்தி இரண்டாக்கி, பாதியைப் பெட்டியிலும் பாதியைத் துணி துவைக்கும் தொட்டியிலும் வைத்தார். ஐஸ் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒன்றுக்கு இரண்டாகச் சீட்டு கிழித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஹேசல் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று சம்பாதித்து வாங்கிய சீட்டு அது. ஜூலை வெயிலில் அந்தப் பாதி ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும்.

அப்போது அதே மாடியில் எதிர் வீட்டுக் குழந்தை வால்டர் வீறிட்டு அழுதான்.

எதிர் வீட்டு மிஸஸ் பிரெஸ்காட்டின் கணவர் வானொலிப் பெட்டி விற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் பணம் தண்ணீராய்ப் புழங்கியது. வீட்டுக்கு ஒரு வானொலி வாங்கினார்கள். அவரும் தவணையில் மின்சாரக் குளிர்பெட்டி ஒன்று வாங்கினார். அந்தக் கட்டடத்துக்கே அதுதான் முதல். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மிஸஸ் பிரெஸ்காட் எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்தார். ஹேசல் மூன்று தடவை போய் வேடிக்கை பார்த்தாள்.

பிறகு பங்குச் சந்தை விழுந்தது. ஆலைகள் மூடின. வேலை போனவர்கள் வானொலியா வாங்குவார்கள்? தவணை நின்றதும் இரண்டு ஆட்கள் வந்து குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஸ்டர் பிரெஸ்காட் வேலை தேடி வெளியூர் போய்விட்டார். இப்போது அங்கே இருப்பது பழைய மர ஐஸ் பெட்டி. அந்த வீட்டு ஜன்னலில் மட்டும் ஐஸ் அட்டை இல்லை.

ஐஸ் இல்லாததால் வால்டரின் பால் தினமும் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். அதைக் கொட்டும்போது மிஸஸ் பிரெஸ்காட் விசும்புவதை ஹேசல் கேட்டிருக்கிறாள். ஆனால் உதவி என்று யாரும் அவரிடம் நெருங்க முடியாது. போன வாரம் அம்மா கொடுத்தனுப்பிய சூப் அப்படியே திரும்பி வந்தது. "இப்பத்தான் சாப்பிட்டோம், ரொம்ப நன்றி."

ஹேசல் தொட்டியைப் பார்த்தாள். எதிர்க் கதவைப் பார்த்தாள். சட்டென்று ஓடிப்போய்த் தட்டினாள்.

"மிஸஸ் பிரெஸ்காட், என்னைக் காப்பாத்துங்க! அட்டையைத் தப்பா வெச்சுட்டேன். ஐஸ் அதிகமாயிடுச்சு. எல்லாம் உருகி ஓடினா அம்மா என்னைத் தொலைச்சுடுவாங்க. உங்க பெட்டியில கொஞ்சம் இடம் தர முடியுமா?"

"அழாதேடா கண்ணு! இதுக்குப் போயா? கொண்டா."

அன்று மத்தியானம் எதிர் வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை.

மாலையில் அம்மா சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். ஹேசல் நடந்ததை எல்லாம் ஒப்பித்துவிட்டாள்.

"அதான் வால்டர் சத்தத்தைக் காணோமா?" என்றாள் அம்மா.

"நாளைக்கும் தப்பு பண்ணட்டுமாம்மா?"

"தினம் தப்பு பண்ண சீட்டு என்ன மரத்திலயா காய்க்குது?"

"சினிமாவுக்குச் சேர்த்த காசு இருக்கே. மூணு தப்புக்கு வரும்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

செவ்வாயன்று, "திரும்பவும் தூக்கக் கலக்கம்," என்றாள் ஹேசல். புதனன்று பூனை அட்டையைத் தட்டிவிட்டது. அவர்கள் வீட்டில் பூனையே கிடையாது. வியாழனன்று காற்று. மிஸஸ் பிரெஸ்காட் ஒவ்வொரு நாளும், "பாவம், உனக்குத்தான் எத்தனை சோதனை!" என்று ஐஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காசு தீர்ந்துவிட்டது. ஹேசல் இருபத்தைந்தை மேலே வைத்தாள். ரினால்டி சீட்டியடித்துக்கொண்டு இறங்கிப் போனார். எந்த நிமிஷமும் வால்டர் அழப்போகிறான் என்று ஹேசல் காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம். வால்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு மிஸஸ் பிரெஸ்காட் நின்றார்.

"ஹேசல், இன்னிக்குத் தப்பு எதுவும் நடக்கலையா? நான் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஹேசலின் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லாத பூனை வந்தப்பவே தெரியும்." சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேரா வந்து கொடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவு வீம்பு எனக்கு. நாலு நாளா இவன் வயிறு நிறைய நல்ல பால் குடிச்சான். அந்த நாலு நாளும் நான் யோசிச்சேன்."

"என்ன யோசிச்சீங்க?"

"மூலை ஹோட்டல்ல சட்டைக்கு இஸ்திரி போட ஆள் கேட்டாங்க. கௌரவம் பார்த்துப் போகாம இருந்தேன். நேத்து போய்ச் சேர்ந்துட்டேன். இனி ஐஸ் சீட்டுல பாதிக் காசு என்னோடது. சம்மதமா?"

வால்டர் ஹேசலின் மூக்கைப் பிடித்து இழுத்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சம்மதம்!" என்றாள்.

மறுநாள் காலை ரினால்டி மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார்.

"ஐம்பதா? மறுபடியும் தப்பா வெச்சுட்டியா, அம்மா தாயே?"

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

"இல்ல மிஸ்டர் ரினால்டி," என்றாள் ஹேசல். "இன்னிக்குச் சரியாத்தான் வெச்சிருக்கோம்."